உஷா ஏன் 55.42லயே நின்னுட்டாங்க?

பி.டி. உஷான்னு பேச்சு வந்தாலே அடுத்த வாக்கியம் அந்த நூத்துல ஒரு பங்கு செகண்டாதான் இருக்கும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ், பெண்கள் 400 மீட்டர் ஹர்டில்ஸ் (தடை தாண்டி ஓடறது) ஃபைனல், ருமேனியாவோட கிறிஸ்டினா கொஜோகாரு 55.41, உஷா 55.42, வெண்கலம் போச்சு. ஸ்கூல் ஜிகே புக்ல இருந்து டிவி பட்டிமன்றம் வரைக்கும் இதையே சொல்லி சொல்லி தலையெழுத்து மாதிரி ஆக்கி வெச்சிருக்கோம். எனக்கு இதுல ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்தும். அந்த 55.42 ஓடும்போது உஷாவுக்கு 20 வயசு. அதுக்கப்புறம் 1990 வரைக்கும் ஆசியாவுல அவங்கள அடிச்சுக்க ஆளே இல்லாத மாதிரி ஓடுனாங்க, ஆனா அந்த 55.42ஐ மட்டும் அவங்களே ஒரு தடவகூட தாண்டல. 20 வயசுல ஓடுன டைம்தான் வாழ்நாள் பெஸ்ட். இத யாரும் பெருசா கேக்கறதில்ல, வெண்கலம் போன சோகத்துலயே நின்னுடறோம்.

மொதல்ல அவங்க எங்க இருந்து வந்தாங்கன்னு பாத்துடலாம், ஏன்னா விடை பாதி அங்கதான் இருக்கு.

முழுப்பேரு பிலாவுள்ளகண்டி தெக்கேபரம்பில் உஷா. 1964 ஜூன் 27 பொறந்தாங்க, கோழிக்கோடு மாவட்டத்துல பேராம்பிரா பக்கத்துல கூத்தாளின்னு ஒரு ஊரு, வளந்தது பய்யோலி. அப்பா துணி வியாபாரம். வசதியான குடும்பம்னு சொல்ல முடியாது, சின்ன வயசுல உடம்புக்கும் அடிக்கடி முடியாம போகும். நாலாம் கிளாஸ் படிக்கும்போது அதே ஸ்கூல்ல ஏழாம் கிளாஸ் படிச்ச மாவட்ட சாம்பியன் பொண்ணோட ஓட விட்டாங்க, உஷா ஜெயிச்சுட்டாங்க. அங்கதான் ஆரம்பம்.

1976ல கேரள அரசு கண்ணூர்ல பொண்ணுங்களுக்குன்னு ஒரு ஸ்போர்ட்ஸ் டிவிஷன் ஆரம்பிச்சது. 40 பொண்ணுங்கள எடுத்தாங்க, அதுல உஷாவும் ஒருத்தர், மாசம் 250 ரூபா ஸ்காலர்ஷிப். அங்க கோச் ஓ.எம். நம்பியார். பய்யோலி பக்கத்துல மணியூர்க்காரரு, ஏர் ஃபோர்ஸ்ல இருந்தவரு, அங்க அத்லெட்டா ஓடுனவரு, அப்புறம் பாட்டியாலா என்ஐஎஸ்ல (தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம்) கோச்சிங் படிச்சுட்டு வந்தவரு. ஒரு பரிசளிப்பு விழாவுல உஷாவ முதல்ல பாத்தப்போ அந்த ஒல்லி உடம்பும் வேகமான நடையும்தான் கண்ணுல பட்டுச்சுன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. ஓடறத பாக்கறதுக்கு முன்னாடியே நடைய பாத்து புடிச்சிருக்காரு மனுஷன்.

1978 கொல்லம் ஜூனியர் மீட்ல ஆறு மெடல். அதுல 100, 200 மட்டும் இல்ல, 60 மீட்டர் ஹர்டில்ஸும் ஹை ஜம்ப்பும்கூட தங்கம், லாங் ஜம்ப்ல வெள்ளி. இத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி 400 ஹர்டில்ஸ்க்கு மாறுனது வானத்துல இருந்து குதிச்ச ஐடியா இல்ல, தாண்டற கால் ஆரம்பத்துல இருந்தே இருந்துச்சு. 1980ல கராச்சியில ஒரு மீட், நாலு தங்கம். அதே வருஷம் 16 வயசுல மாஸ்கோ ஒலிம்பிக்ஸ், 100 மீட்டர் ஹீட்லயே, அதாவது முதல் சுத்துலயே வெளிய. 1982 டெல்லி ஏசியாட்ல (ஆசிய விளையாட்டுப் போட்டி) 100லயும் 200லயும் வெள்ளி. 100ல முன்னாடி போனது பிலிப்பைன்ஸ் லிடியா டி வேகா, அந்தப் பேரு இந்தக் கதையில திரும்ப வரும். 1983 குவைத் ஆசிய சாம்பியன்ஷிப்ல 400ல தங்கம்.

இங்க வரைக்கும் பாத்தா உஷா ஒரு ஸ்பிரிண்டர். 100, 200, கொஞ்சம் 400. ஒலிம்பிக்ஸ் லெவல்ல இந்த மூணுலயும் அவங்க டைமுக்கு ஃபைனல்கூட கஷ்டம். நம்பியார் செஞ்ச புத்திசாலித்தனம் என்னன்னா, லாஸ் ஏஞ்சலஸ்ல பெண்கள் 400 ஹர்டில்ஸ முதல் தடவையா ஒலிம்பிக்ஸ்ல சேக்கறாங்கன்னு பாத்து, புது ஈவென்ட், ஆளு கம்மி, நம்ம பொண்ணுக்கு ஸ்பீடும் இருக்கு தாண்டவும் வரும், இங்கதான் வழி இருக்குன்னு திருப்பி விட்டாரு. 1982 ஏசியாட்ல 400 ஹர்டில்ஸ் தங்கம் வாங்குனது எம்.டி. வல்சம்மா, அவங்களும் கேரளாதான். அந்த வல்சம்மாவையே 1984ல உஷா ஓரங்கட்டிட்டாங்க. அதாவது இந்த ஈவென்ட்டுக்குள்ள சீரியஸா வந்ததே ஒலிம்பிக்ஸ் வருஷத்துலதான்.

இந்த ஈவென்ட் எவ்ளோ கொடுமைன்னு தெரிஞ்சாதான் இதோட அர்த்தம் புரியும். பத்து ஹர்டில், ஒவ்வொண்ணும் 76.2 செமீ உயரம். ஸ்டார்ட்ல இருந்து முதல் ஹர்டில் 45 மீட்டர், அப்புறம் 35 மீட்டருக்கு ஒண்ணு, கடைசி ஹர்டில் தாண்டுனா ஃபினிஷ் லைனுக்கு 40 மீட்டர். இந்த 35 மீட்டர்ல எத்தன ஸ்டெப் வைக்கறோம்ங்கறதுதான் முழு ஆட்டமும். ஒத்தப்படை எண்ணிக்கைல வெச்சா ஒவ்வொரு ஹர்டிலுக்கும் அதே கால் முன்னாடி வரும். ஆனா ஆறாவது ஏழாவது ஹர்டில்ல உடம்பு தளந்து ஸ்டெப் சின்னதாகும், அப்போ ஒரு ஸ்டெப் கூட வைக்கணும், வெச்சா கால் மாறும், மாத்துன கால்ல தாண்டத் தெரியலன்னா ஹர்டிலுக்கு முன்னாடி திக்கித் திணறி நின்னு தாண்டணும், அங்க கால் செகண்ட் அரை செகண்ட்னு போயிட்டே இருக்கும். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, உள் லேனா வெளி லேனா, எல்லாத்துக்கும் இந்தக் கணக்கு மாறும். இத டெய்லி ப்ராக்டிஸ்ல கத்துக்கலாம், ஆனா பக்கத்து லேன்ல ஒருத்தி மூச்சு வாங்கிட்டு ஓடும்போது கத்துக்கறது வேற. ரேஸ் ஓடி ஓடித்தான் வரும்.

உஷாவுக்கு அந்த ரேஸ் இல்ல. கேரளால அப்போ சிந்தெடிக் ட்ராக்கே கிடையாது, பய்யோலி பீச் மணல்ல ட்ரெயினிங். ஃபைனல்ல தங்கம் வாங்குன மொராக்கோ நவால் எல் முத்தவக்கேல் அமெரிக்காவுல அயோவா ஸ்டேட் யுனிவர்சிட்டில படிச்சவங்க, வெள்ளி வாங்குன ஜூடி பிரௌன் மிச்சிகன் ஸ்டேட். ரெண்டு பேரும் அமெரிக்க காலேஜ் மீட்ல சீசன் முழுக்க நல்ல நல்ல ஆளுங்களோட ஓடி பழகுனவங்க. நம்ம ஆளு அந்த வருஷம்தான் ஆரம்பிச்சிருக்காங்க.

இப்போ லாஸ் ஏஞ்சலஸ் டைம வரிசையா பாருங்க. ஹீட்ல 56.81. செமில 55.94, செமிய ஜெயிச்சே வந்தாங்க. ஃபைனல்ல 55.42. நாலு நாள்ல மூணு ரேஸ், மூணுலயும் முன்ன விட வேகம், மொத்தம் ஒண்ணேகால் செகண்டுக்கு மேல குறைஞ்சிருக்கு. என்னப் பொறுத்தவரை உஷாவப் பத்தின மிக முக்கியமான தகவலே இதுதான். ஒலிம்பிக்ஸ் ஸ்டேடியத்துலயே அந்த ஈவென்ட்ட கத்துக்கிட்டே ஓடியிருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷம் இதே ஈவென்ட்ட மட்டும் ஓடியிருந்தா எங்க போயிருப்பாங்கன்னு யோசிச்சா வயித்தெரிச்சல்தான்.

ஃபைனல் ஆகஸ்ட் 8. ஒரு ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆச்சு, திரும்ப லைன்ல வந்து நிக்க வேண்டியதாச்சு, அதுல ரிதம் போச்சுன்னு சொல்லுவாங்க. சாப்பாட்டுக் கதையும் உண்டு, ஒலிம்பிக் வில்லேஜ்ல கிடைச்ச அமெரிக்க சாப்பாடு ஒத்துக்காம கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டுதான் ஓடுனேன், கடைசி 35 மீட்டர்ல தெம்பு இல்லன்னு உஷாவே பல வருஷம் கழிச்சு ஒரு பேட்டில சொன்னாங்க. டீமோட ஒரு சமையல்காரரையோ நியூட்ரிஷன் தெரிஞ்ச ஆளையோ அனுப்பாதது அசிங்கம்தான், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா அதே கஞ்சி குடிச்சுட்டுதான் ஹீட்ட விட செமி, செமிய விட ஃபைனல்னு வேகமா ஓடியிருக்காங்க, அதனால கஞ்சி மேல முழுப் பழியையும் போட எனக்கு மனசு வரல.

ஃபினிஷ் லைன்ல நெஞ்ச முன்னாடி தள்ளல, அதான் போச்சுன்னு ஒரு விளக்கம் இருக்கு, அது சரியான விளக்கம்தான். ஃபோட்டோ ஃபினிஷ்ல தலை கை கால் எதுவும் கணக்கு இல்ல, உடம்போட நடுப்பகுதி எப்போ கோட்ட தொடுதுன்னுதான் பாப்பாங்க. 55.42ல 400 மீட்டர்னா சராசரி வேகம் செகண்டுக்கு 7.2 மீட்டர், கடைசில தளந்து போயி அதுக்கும் கீழ இருக்கும், அப்போ நூத்துல ஒரு பங்கு செகண்ட்னா ஆறேழு சென்டிமீட்டர். முன்னாடி குனிஞ்சு விழறதுல அது கண்டிப்பா கிடைக்கும். ஆனா அந்த குனியறதும் ரேஸ்ல பழகற விஷயம்தான், சுத்தி சுத்தி அங்கயேதான் வருது.

நம்ம ஊர்ல இந்த ரேஸப் பத்திப் பேசும்போது விட்டுப்போற ரெண்டு விஷயம் இருக்கு.

ஒண்ணு, உஷாவுக்கு அடுத்து அஞ்சாவதா வந்தது ஸ்வீடன் ஆன்-லூயிஸ் ஸ்கோக்லுண்ட், டைம் 55.43. உஷாவுக்கும் அவங்களுக்கும் அதே நூத்துல ஒரு பங்குதான். அவங்க 1982 யூரோப்பியன் சாம்பியன் வேற. உஷா அவங்கள அதே அளவுலதான் ஜெயிச்சாங்க. அத யாரு சொல்றா?

ரெண்டாவது பாய்காட். சோவியத் யூனியன், கிழக்கு ஜெர்மனி எல்லாம் லாஸ் ஏஞ்சலஸ்க்கு வரல. 1983 ஹெல்சின்கி வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல இதே ஈவென்ட்ல மெடல் வாங்குனது யாருன்னு பாத்தா சோவியத் ஃபெசென்கோ 54.14, சோவியத் அம்ப்ரஸியேனே 54.15, கிழக்கு ஜெர்மனி ஃபீட்லர் 54.55. மூணு பேருமே லாஸ் ஏஞ்சலஸ்ல இல்ல. ஒலிம்பிக்ஸ்க்கு ஒண்ணரை மாசம் முன்னாடி, 1984 ஜூன்ல, சோவியத் போனோமர்யோவா 53.58ன்னு உலக சாதனை போட்டாங்க, அவங்களும் இல்ல. லாஸ் ஏஞ்சலஸ் தங்கமே 54.61தான். அதாவது இவங்கள்லாம் வந்திருந்தா உஷா நாலாவது வந்திருக்கவே வாய்ப்பு கம்மி. கசப்பா இருந்தாலும் உண்ம அதுதான். அதுலயும் ஒரு வேடிக்க, கிழக்கு ஐரோப்பா மொத்தமும் வராம இருந்தப்போ வார்சா ஒப்பந்த நாடுகள்ல (சோவியத் தலைமைல இருந்த ராணுவக் கூட்டணி) மாஸ்கோ பேச்ச மீறி வந்த ஒரே நாடு ருமேனியா. அந்த ருமேனியாக்காரிதான் வெண்கலத்த தூக்கிட்டுப் போனாங்க. பாய்காட் கதவ திறந்தும் விட்டுச்சு, திறந்த கதவுல உஷாவுக்கு முன்னாடி ஒரு ஆளையும் அனுப்பி வெச்சுது.

அதே ஒலிம்பிக்ஸ்ல 4x400 ரிலேல வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம், உஷா நாலு பேரும் ஃபைனல் வரைக்கும் போயி ஏழாவது வந்தாங்க, 3:32.49, ஆசிய சாதனை. ஷைனி 800ல செமி வரைக்கும் போனாங்க. நாலுல மூணு பேரு கேரளா. ஒரு மாநிலம் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் வெச்சு பத்து வருஷத்துக்குள்ள இத பண்ணிருக்கு, நம்ம பக்கத்து மாநிலம், நாம அப்போ என்ன பண்ணிட்டு இருந்தோம்ங்கறது தனிப் புலம்பல், விடுங்க.

சரி, அடுத்த வருஷம் வருவோம். 1985 செப்டம்பர், ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப். இதுதான் உஷாவோட உச்சம்னு நான் சொல்வேன், லாஸ் ஏஞ்சலஸ் இல்ல. 100 தங்கம் 11.64. 200 தங்கம் 23.05. 400 தங்கம் 52.62. 400 ஹர்டில்ஸ் தங்கம் 56.64. 4x400 ரிலே தங்கம். போதாதுக்கு 4x100ல வெண்கலம். ஒரே மீட்ல ஆறு மெடல். இதுல 400 ஹர்டில்ஸும் 400ம் 35 நிமிஷ இடைவெளில ஓடுனது. 400 மீட்டர் ஓடி முடிச்சவங்கள பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்களா, பாதி பேரு ட்ராக்லயே படுத்துருவாங்க, வாந்தி எடுப்பாங்க, காலெல்லாம் கட்டை மாதிரி ஆகிடும். இவங்க ஒண்ண ஓடிட்டு அரை மணி நேரத்துல இன்னொண்ண ஓடி ரெண்டுலயும் தங்கம்.

அடுத்து 1986 சியோல் ஏசியாட். 200, 400, 400 ஹர்டில்ஸ், 4x400 ரிலே, நாலு தங்கம். 100ல மட்டும் டி வேகா முன்னாடி போயிட்டாங்க, வெள்ளி. இந்தியா மொத்தமா அந்த ஏசியாட்ல வாங்குன தங்கம் எத்தன தெரியுமா, அஞ்சு. மிச்சம் ஒண்ணு மல்யுத்தத்துல கர்தார் சிங். இத கொஞ்சம் நிதானமா யோசிங்க, ஒரு முழு நாட்டோட அஞ்சு தங்கத்துல மூணு இவங்க தனியா, ஒண்ணு இவங்க இருந்த ரிலே டீம். இன்னொண்ணும் வந்திருக்கணும், ஷைனி 800ல முதல்ல வந்தும் லேன் மாறற இடத்துக்கு முன்னாடியே உள்ள வந்துட்டாங்கன்னு டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க.

என் கேள்விக்கு விடை இந்த லிஸ்ட்லயேதான் இருக்கு. ஜகார்த்தா 400 ஹர்டில்ஸ் டைம் 56.64, சியோல்ல 56.06. ரெண்டுமே தங்கம், ரெண்டுமே லாஸ் ஏஞ்சலஸ் டைம விட அரை செகண்டுக்கு மேல ஸ்லோ. ஆசியாவுல அவங்க ஜெயிக்க 55.42 தேவைப்படல. 56 ஓடுனாலே தங்கம். மிச்ச தெம்ப 100க்கும் 200க்கும் 400க்கும் ரெண்டு ரிலேவுக்கும் பிரிச்சு வைக்கணும். அதத்தான் செஞ்சாங்க. ஒரு ஆளு அஞ்சு மெடல் கொண்டுவர முடியும்னா ஃபெடரேஷன் வேணாம்னு சொல்லுமா, பத்திரிகை வேணாம்னு சொல்லுமா, அரசாங்கம் சொல்லுமா. அவங்களுக்கே ஓடணும்னு ஆச இருந்திருக்கும், ஜெயிக்கற குதிரைய யாரு லாயத்துல கட்டி வைப்பா. ஆனா 400 ஹர்டில்ஸ்ல உலகத் தரத்துக்குப் போக வேண்டிய அந்த முக்கியமான நாலு வருஷம் ஆசியத் தங்கத்த எண்ணறதுலயே போச்சு. தப்பு யாரோடதுன்னு ஒருத்தர கை காட்ட முடியாது, ஆனா விலை உஷா மட்டும்தான் குடுத்தாங்க.

நான் சும்மா கற்பனையா சொல்றேன்னு நினைச்சா ஒரே ஒரு பேர மட்டும் எடுத்துப் பாருங்க, டெபி ஃபிளின்டாஃப், ஆஸ்திரேலியா. லாஸ் ஏஞ்சலஸ்ல உஷா ஓடுன அதே ஃபைனல்ல ஆறாவது வந்தவங்க. உஷாவுக்குப் பின்னாடி. டைம் 56.21. அவங்க இந்த ஈவென்ட்ட விடாம புடிச்சுக்கிட்டாங்க. 1986 எடின்பரோ காமன்வெல்த்ல 400, 400 ஹர்டில்ஸ் ரெண்டும் தங்கம். 1987 ரோம் வேர்ல்ட் சாம்பியன்ஷிப்ல வெள்ளி. 1988 சியோல் ஒலிம்பிக்ஸ்ல, அப்போ பேரு டெபி ஃபிளின்டாஃப்-கிங், தங்கம். டைம் 53.17, ரெண்டாவது வந்த சோவியத் லெதோவ்ஸ்கயா 53.18. நூத்துல ஒரு பங்கு! கடைசி ஹர்டில் தாண்டும்போது பின்னாடி இருந்தவங்க, கோட்டுல வந்துதான் புடிச்சாங்க. நாலு வருஷத்துல 56.21ல இருந்து 53.17, மூணு செகண்ட்.

அதே சியோல் ஒலிம்பிக்ஸ்ல உஷா குதிகால் காயத்தோட வந்து ஹீட்ல கடைசியா வந்தாங்க, 59.55. அதுக்கு இங்க கிடைச்ச வசவு கொஞ்ச நஞ்சம் இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி தங்க மங்கைன்னு தலைல தூக்கி வெச்ச அதே பேப்பருங்க. காயம் இருந்தா ஏன் போனாங்கன்னு ஒரு பக்கம், போகலன்னா நாட்டுக்கு துரோகம்னு இன்னொரு பக்கம், எந்தப் பக்கம் நின்னாலும் அடிதான். வருஷத்துக்கு இத்தன ரேஸ் ஓட விட்ட குதிகால் எப்படி தாங்கும்னு அப்போ யாரும் கேட்ட மாதிரி தெரியல.

இதுக்கு அந்த வசவுக்காரங்களுக்கு உஷா குடுத்த பதில் அடுத்த வருஷமே வந்துச்சு. 1989 டெல்லி ஆசிய சாம்பியன்ஷிப், 200, 400, 400 ஹர்டில்ஸ், 4x400 நாலும் தங்கம், 100லயும் 4x100லயும் வெள்ளி. மறுபடியும் ஆறு மெடல். பாத்தீங்களா, பதிலும் அதே மாதிரி ஆறு ஈவென்ட்லதான். 1990 பெய்ஜிங் ஏசியாட்ல மூணு வெள்ளியோட ஓய்வுன்னு சொன்னாங்க.

1991ல கல்யாணம், கணவர் வி. சீனிவாசன், கபடி பிளேயரா இருந்தவரு, மத்திய தொழில் பாதுகாப்புப் படையான சிஐஎஸ்எஃப்ல வேலை. குழந்தை பொறந்து, திரும்ப ட்ராக்குக்கு வந்தாங்க, 1994 ஹிரோஷிமா ஏசியாட்ல ரிலே வெள்ளி. 1998ல ஜப்பான் ஃபுக்குவோக்கா ஆசிய சாம்பியன்ஷிப், வயசு 34, 200லயும் 400லயும் வெண்கலம், 4x100ல தங்கம், 4x400ல வெள்ளி. தாயான பிறகு திரும்ப வர்ற அத்லெட்டுங்களப் பத்தி இப்போ நிறைய பேசறோம், அப்போல்லாம் இதுக்கு ஒரு பேச்சும் கிடையாது, இன்னுமா ஓடறாங்கன்னுதான் கேட்டாங்க. 2000ல முழுசா நிறுத்துனாங்க. கூட்டிப் பாத்தா ஆசிய சாம்பியன்ஷிப்ல மட்டும் 14 தங்கம், 6 வெள்ளி, 3 வெண்கலம். ஏசியாட்ல 4 தங்கம், 7 வெள்ளி.

விருதுன்னு பாத்தா அர்ஜுனா 1983லயே, பத்மஸ்ரீ 1985ல. அதே 1985ல கோச்சுங்களுக்கான துரோணாச்சார்யா விருத முதல் தடவையா குடுத்தப்போ வாங்குனவங்கள்ல நம்பியாரும் ஒருத்தரு. ஆனா அவருக்கு பத்மஸ்ரீ வந்தது 2021ல, அந்த வருஷம் ஆகஸ்ட்லயே இறந்துட்டாரு. மாணவிக்கும் குருவுக்கும் நடுவுல 36 வருஷ இடைவெளி, நம்ம நாட்டு கோச்சுங்களுக்கு இதான் நிலைமை.

அந்த 55.42 தேசிய சாதனையா எவ்ளோ நாள் இருந்துச்சுன்னா, 39 வருஷம் யாரும் தொடவே இல்ல. 2023 அக்டோபர் 2, ஹாங்சோ ஏசியாட் ஹீட்ல நம்ம கோயம்புத்தூர் வித்யா ராம்ராஜ் சரியா 55.42 ஓடி சமன் பண்ணாங்க. தாண்டல, சமன். ஃபைனல்ல 55.68 ஓடி வெண்கலம் வாங்குனாங்க. இத ரெண்டு விதமா எடுத்துக்கலாம், உஷா எவ்ளோ முன்னாடி இருந்தாங்கன்னு பெருமப்படலாம், இல்லன்னா மணல்ல ப்ராக்டிஸ் பண்ண ஒரு பொண்ணு அந்த ஈவென்ட்டுக்கு வந்த முதல் வருஷத்துல ஓடுன டைம தொட, சிந்தெடிக் ட்ராக், ஃபாரின் ட்ரெயினிங், பிஸியோ எல்லாம் வந்த பிறகும் நாட்டுக்கு 39 வருஷம் ஆச்சேன்னு தலைல கை வைக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் தோணுது.

ஓய்வுக்கு அப்புறம் அவங்க செஞ்சதுலயும் இந்த ஸ்பெஷலிஸ்ட் விஷயம் தெரியும். 2002ல கொயிலாண்டில உஷா ஸ்கூல் ஆஃப் அத்லெடிக்ஸ் ஆரம்பிச்சாங்க, அப்புறம் கினாலூருக்கு மாறுச்சு. சின்ன வயசுலயே பொண்ணுங்கள எடுத்து அங்கயே தங்க வெச்சு ட்ரெயினிங், தன்ன கண்ணூர்ல எடுத்த அதே மாடல். அங்க இருந்து வந்த பெரிய பேரு டின்டு லூகா, 800 மீட்டர். 2010ல குரோஷியா ஸ்பிலிட்ல 1:59.17, தேசிய சாதனை. 2015 வூஹான்ல ஆசிய சாம்பியன். கவனிச்சீங்கன்னா டின்டுவ 100, 200, 400, 800னு எல்லாத்துலயும் இறக்கி விடல, 800ம் ரிலேவும்தான். தனக்கு கிடைக்காதத சிஷ்யைக்கு குடுத்திருக்காங்கன்னு நான் நினைச்சுக்கறேன். ஆனா டின்டுவோட முதல் ரவுண்ட்ட ரொம்ப வேகமா ஓட விட்டு கடைசி 150ல மத்தவங்க முந்தற மாதிரி ஆகுதுன்னு ஒரு விமர்சனம் எப்பவும் இருந்துச்சு, அதுலயும் உண்ம இருக்கு, நல்ல ஓட்டக்காரங்க எல்லாருமே நல்ல டேக்டிக்ஸ் கோச்சா இருந்துட மாட்டாங்க.

அடுத்த கட்டம் கொஞ்சம் சங்கடமானது. 2022 ஜூலைல ராஜ்யசபாவுக்கு நியமன எம்பி ஆனாங்க, இளையராஜாவையும் அதே லிஸ்ட்லதான் போட்டாங்க. டிசம்பர்ல இந்திய ஒலிம்பிக் சங்கத்துக்கு தலைவர், அந்த நாற்காலில உக்காந்த முதல் பெண். அரசியல்வாதிங்களும் அதிகாரிங்களுமா இருந்த இடத்துல கடைசில ஓடுன ஆளு ஒருத்தர் வந்துட்டாங்கன்னு நிறைய பேரு சந்தோஷப்பட்டாங்க, நானும்தான். ஆனா 2023 ஏப்ரல்ல மல்யுத்த வீராங்கனைங்க மல்யுத்த ஃபெடரேஷன் தலைவரா இருந்த பிரிஜ் பூஷன் மேல பாலியல் புகார் சொல்லி ஜந்தர் மந்தர்ல உக்காந்தப்போ, தெருவுல உக்காந்து போராடறது ஒழுங்கீனம், நாட்டு இமேஜுக்கு கெடுதல்ங்கற மாதிரி உஷா பேசுனாங்க. போராட்டத்துல இருந்த மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா உட்பட எல்லாரும் ரொம்ப வருத்தப்பட்டாங்க. மே மாசம் உஷா நேர்ல போயி அவங்கள பாத்தாங்க, அதுக்குள்ள பேச்சு பேச்சாகிடுச்சு. இதுல எனக்கு புரியாத விஷயம், அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பிப்ரவரில தன்னோட கினாலூர் ஸ்கூல் இடத்துல யாரோ அத்துமீறி கட்டடம் கட்டறாங்க, பொண்ணுங்களுக்கு பாதுகாப்பு இல்லன்னு டெல்லில பத்திரிகைக்காரங்க முன்னாடி கண்ணீர் விட்டது இவங்களேதான். தன் ஸ்கூல் பொண்ணுங்களுக்கு ஒரு நியாயம் வெளிய இருக்கற பொண்ணுங்களுக்கு ஒரு நியாயமான்னு கேட்டவங்களுக்கு கடைசி வரைக்கும் சரியான பதில் வரல. டெல்லி நாற்காலி கேக்கற மாதிரி பேசுனாங்கன்னுதான் எனக்குத் தோணுது, இதுல அவங்க மேல இருக்கற மரியாதைய வெச்சு மழுப்ப விரும்பல.

சங்கத்துக்குள்ளயும் ரொம்ப நாள் அமைதி இல்லாம இருந்துச்சு. சிஇஓவா ரகுராம் ஐயர போட்டதுல இருந்து நிர்வாகக் குழுல பெரும்பாலானவங்க எதிர்ப்பு, மாத்தி மாத்தி லெட்டர், பெரிய இழுபறி. அதுக்கு அப்புறம்தான் 2030 காமன்வெல்த் கேம்ஸ் அகமதாபாத்துக்குன்னு 2025 நவம்பர்ல முடிவாச்சு, அப்போ தலைவர் உஷாதான். அவங்க உச்சத்துல இருந்த 1986ல ஃபிளின்டாஃப் ரெண்டு தங்கம் வாங்குன எடின்பரோ காமன்வெல்த்துக்கு இந்தியா போகவே இல்ல, தென்னாப்பிரிக்கா நிறவெறி விவகாரத்துல பிரிட்டன் தாட்சர் அரசாங்கத்த எதிர்த்து நிறைய நாடு சேந்து புறக்கணிச்சதுல நாமளும் இருந்தோம். புறக்கணிச்சது சரிதான், அத நான் குறை சொல்லல. ஆனா ஆசியாவுக்கு வெளிய, தன்னோட ஒரே ஈவென்ட்ல, சரியான எதிராளியோட உஷா மோத கிடைச்ச ஒரு நல்ல சான்ஸ் அந்த வருஷம் அப்படியும் போச்சு.